இணைந்த கணிதத்தை இணைந்து படிப்பதா?

போன கிழமை சித்தியின் மகள் போன் எடுத்தாள். இலங்கை உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதம் எழுதப் போகிறாள், இன்னும் நாலு மாதம். "அண்ணா, மூண்டு பேர் சேர்ந்து படிக்கப் போறம் எண்டு சொன்னா, அம்மா அது அரட்டை அடிக்கத்தான் எண்டுறா. கிளாசுக்குப் போறதா, தனிய இருந்து பேப்பர் செய்யிறதா, சேர்ந்து செய்யிறதா? நீங்கள் ரெண்டு தரம் எழுதின ஆள்தானே, சொல்லுங்கோ."

கடைசி வசனத்தில் ஒரு குத்தல் இருந்தது. இருந்தாலும் உண்மை. நான் செக்கன்ட் சை, அதாவது இரண்டாம் தடவை, எழுதினவன். முதல் தடவை ஐந்து பேராகச் சேர்ந்து படித்து எஸ், பாஸ் தரங்களில் ஆகக் குறைந்தது. இரண்டாம் தடவை மூன்று பேராகச் சேர்ந்து படித்து பி. இரண்டு முறையும் 'குரூப் ஸ்ரடி' என்றுதான் பெயர். ஆனால் செய்த வேலை வேறு. அன்றைக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினாத்தாளைப் பார்ப்போம். எந்த வழி சரி என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பத்திரம் ஒன்று தூய கணிதம், பத்திரம் இரண்டு பிரயோக கணிதம். ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், வாசிப்பதற்கு மேலதிகமாக 10 நிமிடம். ஏ பகுதியில் 10 வினாக்கள், எல்லாம் கட்டாயம், வினாவுக்கு 25 புள்ளி. பி பகுதியில் 7 வினாக்கள், அதில் 5 செய்தால் போதும், வினாவுக்கு 150 புள்ளி. மொத்தம் 1000 புள்ளியை 180 நிமிடத்துக்குப் பங்கிட்டால் சிறிய வினாவுக்கு நாலரை நிமிடம், பெரியதற்கு 27 நிமிடம். ஏ பகுதிக்கு 45 நிமிடம், பி பகுதிக்கு 135 நிமிடம். ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. திரும்பிப் பார்க்க நேரம் வேண்டும் என்றால் அதை எங்கேயாவது களவெடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் புள்ளியிடும் திட்டம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் திட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புள்ளிகள் ஐந்து ஐந்தாகத்தான் விழும். 25 புள்ளி என்றால் ஐந்து ஐந்துகள். 150 என்றால் முப்பது ஐந்துகள். ஒவ்வொரு ஐந்தும் ஒரு படிக்கு: படத்தில் விசைகளைக் குறித்ததற்கு ஒன்று, சமன்பாட்டை எழுதியதற்கு ஒன்று, சுருக்கியதற்கு ஒன்று. விடை சரியாக வந்தும் 150க்கு 110 எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடை வராமலே 120 எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கேள்வி 'எப்படிப் படித்தால் கணக்கு விளங்கும்' என்பதோடு முடியவில்லை. என் கையெழுத்தில் எந்த ஐந்து விழும், எந்த ஐந்து விழாது என்று எனக்குச் சொல்லப்போவது யார்?

வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய விவாதம் இல்லை. தியரி முடியாத பாடம் இருந்தால் வகுப்புக்குப் போங்கள். எளிமை இசை இயக்கம் இன்னும் தொடங்கவில்லை, திணிவு மையம் அரைவாசியில் நிற்கிறது என்ற நிலையில் உள்ள மூன்று பேர் ஒன்றாக இருந்தாலும் அது மூன்று மடங்கு குழப்பம்தான். நல்ல சேர் ஒருவர் இரண்டு மணித்தியாலத்தில் நேராக்கிவிடுவதை நண்பர்கள் இரண்டு கிழமை எடுத்தும் நேராக்க மாட்டார்கள். ஆனால் தியரி முடிந்த பிறகும் அதே பாடத்தை மூன்றாம் தடவை 'ரிவிஷன்' என்று கேட்கப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் சேர் பலகையில் செய்கிறார், நாங்கள் கொப்பியில் இறக்குகிறோம், விளங்கின மாதிரி இருக்கும். பேப்பர் கிளாஸ் கொஞ்சம் மேல். நேரம் வைத்து எழுதுகிறோம் அல்லவா. அங்கேயும் விடைத்தாள் திரும்பி வரும்போது மேலே ஒரு மொத்தப் புள்ளி மட்டும் இருந்தால், எந்த ஐந்து எங்கே போனது என்று தெரியாமலே அடுத்த பேப்பருக்குப் போய்விடுவோம்.

தனியே செய்வது இதைவிட யோசிக்க வேண்டிய வழி. எங்கள் ஊரில் அதற்குத்தான் மரியாதை அதிகம்: கதவைச் சாத்திவிட்டு, விடிய நாலு மணிக்கு எழும்பி, பாஸ்ட் பேப்பர் முழுக்கத் தனியே செய்து முடித்த பிள்ளை. அதில் உண்மை இருக்கிறது. வேகம் தனிமையில்தான் வரும். பகுதிப் பின்னம், தொகையீடு, திரிகோணகணிதச் சர்வசமன்பாடு போன்றவை கைப்பழக்கம். நூறு கணக்கு செய்தவருக்கு எந்தப் பிரதியீடு என்று கை முதலில் சொல்லும், மூளை பிறகு வரும். பக்கத்தில் ஒருவர் இருந்து பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் படியாது.

தனியே செய்பவர் மாட்டிக்கொள்வது திருத்தும் இடத்தில். நான் எழுதியதை நானே திருத்தும்போது கண் தாளை வாசிப்பதில்லை, மனதில் இருப்பதை வாசிக்கிறது. கணிதத் தொகுத்தறிவு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் ஒன்றில் ஏ பகுதியின் முதல் வினாவாக அடிக்கடி வருவது. 1க்கு உண்மை என்று காட்ட வேண்டும், ஒரு நேர் நிறையெண்ணுக்கு உண்மை எனக் கொள்ள வேண்டும், அடுத்ததற்கு நிறுவ வேண்டும், கடைசியில் 'ஆகவே எல்லா நேர் நிறையெண்களுக்கும் உண்மை' என்ற முடிவை எழுத வேண்டும். முடிவு வசனத்தை எழுதாமல் விட்டுவிட்டு, திருத்தும்போது 'அது எனக்குத் தெரியும்தானே' என்று முழுப் புள்ளியும் போட்டுக்கொண்ட பேப்பர்கள் என்னிடம் ஒரு கட்டு இருந்தன. பொதுத் தீர்வில் நிறையெண் என்று குறிப்பிடாமல் விட்டது, வர்க்கமூலத்தின் மறைப் பெறுமானத்தை ஏன் விட்டேன் என்று காரணம் சொல்லாமல் விட்டது, எல்லாம் இந்த வகைதான். தனியே செய்பவர் தனக்கே தாராளம்.

சரி, சேர்ந்து படிப்பதற்கு வருவோம்.

முதல் தடவை நாங்கள் ஐந்து பேர். நண்பன் வீட்டு விறாந்தையில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கூடுவோம். அவனுடைய அம்மா தேத்தண்ணி தருவா. ஒரு வினாவை எடுப்போம். எங்களில் ஒருவன் கெட்டிக்காரன், இப்போது வெளிநாட்டில் பொறியியலாளன். அவன் பத்து நிமிடத்தில் பாதையைக் கண்டுபிடித்துவிடுவான். "இஞ்ச பாருங்கோடா" என்று தொடங்கி முழுக்கச் சொல்லி முடிப்பான். நாங்கள் நாலு பேரும் "ஓ, விளங்கிட்டுது மச்சான்" என்போம். ஆறு மாதம் இப்படிப் போனது. பரீட்சை மண்டபத்தில் அவன் பக்கத்து மேசையில் இல்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. அவனுக்கு ஏ, எனக்கு எஸ். விளக்கிச் சொன்னவனுக்குத்தான் பயிற்சி கிடைத்தது, கேட்டவர்களுக்கு ஒரு திருப்தி மட்டும். சித்தி சொல்லும் அரட்டையைவிட இது மோசம் என்றே நினைக்கிறேன். அரட்டை அடிக்கும்போது படிக்கவில்லை என்றாவது தெரியும்.

இரண்டாம் தடவை மூன்று பேர். மூவரும் செக்கன்ட் சை, மூவருக்கும் அடிபட்ட அனுபவம். ஒன்றாக இருந்து கணக்குச் செய்வதே இல்லை என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவரவர் வீட்டில் மணிக்கூடு வைத்து முழுப் பத்திரம். ஒரு கிழமை பத்திரம் ஒன்று, அடுத்த கிழமை பத்திரம் இரண்டு. பின்னேரம் கூடும்போது கையில் எழுதி முடித்த தாளும் சிவப்புப் பேனையும் மட்டும். ஒருவர் தாளை மற்றவர் திருத்துவார், சுற்று முறையில்: என்னுடையதை அவன், அவனுடையதை மூன்றாமவன், மூன்றாமவனுடையதை நான். ஏன் மூன்று பேர் என்று கேட்டால் இதுதான் காரணம். இருவர் மட்டும் மாற்றித் திருத்தினால் 'நீ எனக்கு விட்டுத்தா, நான் உனக்கு விட்டுத்தாறன்' என்று ஒரு சமரசம் தானாக வந்துவிடும். சுற்றில் திருத்தினால் என்னைத் திருத்துபவனை நான் திருத்துவதில்லை, பழிவாங்கவும் முடியாது, நன்றிக்கடன் தீர்க்கவும் முடியாது.

திருத்தும்போது ஒவ்வொரு ஐந்தாகத்தான் பார்ப்போம். புள்ளி போடாத இடத்தில் ஏன் என்று ஓரத்தில் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த ஓரக் குறிப்புகளை எடுத்து ஒரு தாளில் சேர்த்துப் பார்த்தேன். எனக்குக் கணக்குத் தெரியாமல் போன புள்ளிகளைவிட, 'இதிலிருந்து' என்ற சொல்லைக் கவனிக்காமல் போன புள்ளிகள் அதிகம். வினா 'இதிலிருந்து உய்த்தறிக' என்று கேட்டால் முதல் பகுதியில் வந்த முடிவைப் பாவிக்க வேண்டும். நான் பெரிய வித்தைக்காரன் மாதிரிப் புது வழியில் தொடக்கத்திலிருந்து செய்திருப்பேன். விடை சரி, புள்ளி இல்லை, நேரமும் இல்லை. இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், அது என் தாளைப் பார்த்துச் சொன்னதாக இருக்காது.

எங்களுக்குச் சண்டை வந்த இடம்தான் நல்ல படிப்பு. புள்ளியிடும் திட்டம் பெரும்பாலும் ஒரு வழியைக் காட்டும். நண்பன் வேறு வழியில் செய்திருப்பான். அப்போது அவன் வழியின் எந்தப் படி திட்டத்தின் எந்தப் படிக்குச் சமம் என்று திருத்துபவர் யோசிக்க வேண்டும். வட்ட வினா ஒன்றில் நான் தொடலியின் சமன்பாட்டை வகையீட்டால் எடுத்திருந்தேன். திட்டம் மையத்திலிருந்து செங்குத்துத் தூரம் ஆரைக்குச் சமம் என்று போயிருந்தது. முக்கால் மணித்தியாலம் வாதாடினோம். முடிவில் எனக்கு 20 புள்ளி குறைந்தது, ஆனால் அதன்பிறகு அந்த இரண்டு வழியும் எனக்கு மறக்கவே இல்லை. அதேபோல் சட்டப்படல் வினாவில் போவின் குறியீட்டைப் பாவித்துத் தகைப்பு வரிப்படம் வரைக என்று கேட்டிருக்க, ஒருவன் மூட்டு மூட்டாக விசைகளைப் பிரித்து எழுதியிருந்தான். "விடை சரிதானேடா" என்று அவன். "கேட்டது அது இல்லையே" என்று நாங்கள்.

இங்கே தூயதையும் பிரயோகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பத்திரம் ஒன்றுக்குப் பேச்சு அவ்வளவு தேவையில்லை. தாயம் (மெட்ரிக்ஸ்), சிக்கலெண், தொகையீடு எல்லாம் தனியே செய்து, திருத்த மட்டும் கூடினால் போதும். வரிசைமாற்றமும் சேர்மானமும் மட்டும் விதிவிலக்கு. அதில் மூன்று பேர் மூன்று விடை கொண்டு வந்து, மூன்றும் சரியாகத் தோன்றும் அதிசயம் நடக்கும். யார் எதை இரண்டு தடவை எண்ணினார் என்று வாயால் பேசித்தான் பிடிக்க முடியும்.

பத்திரம் இரண்டு வேறு கதை. அங்கே கணக்கு தொடங்குவது படத்தில். ஒப்பமான மேசையில் ஓர் ஆப்பு, ஆப்பின் சாய்ந்த முகத்தில் ஒரு துணிக்கை. துணிக்கை கீழே வழுக்க, ஆப்பு பின்னால் போகும். முதல் தடவை எழுதின காலத்தில் நான் துணிக்கையின் ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறும் வீதத்தை, சாய்தளம் வழியே மட்டும் குறித்துவிட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதித் தள்ளுவேன். ஆப்பும் ஆர்முடுகுகிறது, ஆகவே பூமி சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகல் இரண்டு கூறுகளின் கூட்டுத்தொகை என்பது சமன்பாட்டில் வராது. பிறகு பக்கம் பக்கமாகச் சுருக்கினாலும் எல்லாம் வீண். இதைத் தனியே பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பிழையான படத்தை வரைந்த அதே தலைதான் அதைச் சரி பார்க்கிறது. எதிரில் ஒருவன் இருந்து "டேய், ஆப்பு நிக்குதா ஓடுதா?" என்று கேட்டால் ஒரு நொடியில் விழும். உராய்வு எந்தப் பக்கம், மூட்டிய கோல்களில் மூட்டில் உள்ள மறுதாக்கத்தை இரண்டு கோலிலும் எதிரெதிராகக் குறித்தாயா, சார்பு வேகத்தில் யார் சார்பாக யார்: எல்லாம் கேள்வி கேட்டுத் தெளியும் சங்கதிகள். அதனால் பிரயோகத்துக்கு மட்டும் நாங்கள் ஒரு சின்ன வேலை சேர்த்தோம். ஐந்து வினாக்களுக்குப் படம் மட்டும் வரைந்து விசை, ஆர்முடுகல் குறித்து, சமன்பாடு எழுதாமல் மாற்றிப் பார்ப்பது. அரை மணித்தியாலம் போதும். மூன்று மணித்தியாலப் பேப்பர் செய்ய நேரமில்லாத நாட்களில் இதைவிட லாபமான வேலை எனக்குத் தெரியாது.

சூமில், வட்ஸ்அப்பில் சேர்ந்து படிப்பதையும் சொல்ல வேண்டும். சித்தியின் மகளுக்கு முதலில் பிடித்திருந்தது இதுதான். வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதில்லை, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பெண்பிள்ளைகளை வெளியே விட வீட்டில் யோசிப்பார்கள் என்பதும் உண்மை. வன்னிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைசி பஸ்தான் நேர அட்டவணை. தாளைப் படமெடுத்து அனுப்பி, போனில் வாதாடி, திருத்தி அனுப்பலாம். அதற்கு அது நல்லது. ஆனால் நூறு பேர் இருக்கும் குழுவில் 'இந்தக் கணக்கு யாராவது செய்து தாங்கோ' என்று போட்டு, பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் கையெழுத்தில் முழு விடையும் வருவது, எங்கள் விறாந்தைக் கெட்டிக்காரனின் டிஜிட்டல் அவதாரம். அந்தக் குழுக்களை வினாத்தாள் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பேப்பர்கள், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் பேப்பர்கள், இவை கையில் கிடைத்தால் பாஸ்ட் பேப்பர் முடிந்த பிறகும் சனிக்கிழமைகள் வெறுமையாகப் போகாது.

சித்திக்கு இன்னொரு பயம் இருந்தது, அதை நேரே சொல்லவில்லை. சேர்ந்து படிக்கும் பிள்ளையும் அதே மாவட்டத்தில்தானே எழுதுகிறாள், அவளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எங்கள் ஊரில் இது எல்லார் மனதிலும் இருப்பதுதான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. போட்டி இசட் புள்ளியில், அதாவது உங்கள் புள்ளி எல்லாருடைய இடையிலிருந்தும் (சராசரியிலிருந்தும்) எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பதில். (பத்திரம் இரண்டின் 17ஆம் வினாவுக்குப் படிக்கும் அதே இடையும் நியம விலகலும்தான். எங்களை அளக்கும் கோலை எங்களுக்கே பாடமாக வைத்திருக்கிறார்கள்.) நாடு முழுக்க எழுதுபவர்களின் இடையை உங்கள் விறாந்தையில் இருக்கும் இரண்டு பேர் அசைக்கப்போவதில்லை. அவர்கள் உங்கள் தாளில் கண்டுபிடிக்கும் முப்பது ஐந்துகள் உங்கள் புள்ளியை அசைக்கும்.

அப்படியென்றால் யாரைச் சேர்ப்பது? சித்தியின் மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை எப்போதும் எண்பதுக்கு மேல். இன்னொருத்தி செக்கன்ட் சை, நாற்பதுகளில். மூன்றாவது ஆளாக எண்பதைத்தான் அவள் நினைத்திருந்தாள். நான் நாற்பதைச் சொன்னேன். எண்பதுக்கும் இவளுடைய முப்பதுக்கும் இடையில் திருத்தல் நடக்காது, ரியூசன்தான் நடக்கும், அதுவும் காசில்லாத ரியூசன். இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கே அலுத்துவிடும். பதினைந்து இருபது புள்ளி வித்தியாசம் வரை பரவாயில்லை. அதோடு ஒருமுறை பரீட்சை மண்டபத்தில் இருந்து எழுதியவருக்கு நேரம் எங்கே ஓடுகிறது என்று தெரியும். அந்த அறிவு மாதிரி வினாத்தாள்களில் கிடைக்காது.

ஆகவே அவளுக்கு நான் போட்டுக் கொடுத்தது இதுதான். கிழமை நாட்களில் தனியே, தூய கணிதம் அதிகமாக. சனி காலை வீட்டில் முழுப் பத்திரம், பின்னேரம் மூவரும் கூடிச் சுற்றுத் திருத்தல், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. புதன் பின்னேரம் போனில் பிரயோகப் படங்கள். வகுப்பில் திணிவு மையம் முடியும் வரை மட்டும் போவது, பிறகு நிற்பது. கடைசி மூன்று கிழமைக்குக் கூடுவதும் வேண்டாம். அந்த நேரம் மற்றவரின் பதற்றம் ஒட்டும்.

முதல் சனிக்கிழமை முடிந்து இரவு மெசேஜ் வந்தது. பத்திரம் ஒன்று செய்து, ஆசைக்கு முதலில் தானே திருத்திப் பார்த்திருக்கிறாள்: 1000க்கு 410. அந்தச் செக்கன்ட் சைப் பிள்ளை திருத்தியபோது 340. நூற்றுக்கு மாற்றினால் 34. எஸ் எடுக்க 35 வேண்டும்.

"ஒரு மார்க்ஸால பெயில் ஆக்கிப்போட்டாள் அண்ணா. தொகுத்தறிவில கடைசி வசனம் இல்லையாம்."

அம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். அடுத்த சனிக்கு மூன்று பேருக்கும் இடியப்பம் அவிக்கிறாவாம்.